வெள்ளிக்கிழமை விலை

சுசின் அக்காவின் அச்சகத்தில் பதினாறு வருடங்களாக விலை சொல்வது என் வேலை. சொல்வது நான்; விலை இருப்பது அக்காவின் தலைக்குள். காகிதம், மை, மடிப்பு, தையல் எல்லாவற்றையும் கூட்டி எழுதிக்கொண்டு போனால், அவள் வாசலில் நிற்கும் ஆளை ஒரு பார்வை பார்ப்பாள். என் கூட்டலுக்கும் அவள் சொல்லும் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது.

போன மழைக்காலத்தில் அக்கா ஒரு மதிப்பீட்டு மென்பொருளை வாங்கிப் போட்டாள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விலை விதியை அதில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால், பிறகு யார் வந்து கேட்டாலும் அதுவே விலை சொல்லிவிடும். ஏற்றுகிற வேலை யாருக்கு? வேறு யாருக்கு, இந்த வன்னிக்குத்தான்.

மதியச் சோற்றுக்குப் பிறகு உட்காருவோம். பின்கட்டில் அச்சு இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடும். கால்வாய்த் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் நெளியும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், நான் தட்டுவேன்.

"நூடுல்ஸ் கடைக்காரனுக்குப் பத்து சதவீதம் ஏத்தி வை. பேரம் பேசலேன்னா அவனுக்குத் தூக்கம் வராது. பேசினதும் அந்தப் பத்தைக் குறைச்சிரு."

"அதை இதுல எப்படிக்கா எழுதறது?"

"எப்படியாவது எழுதுடி. அதுக்குத்தானே அவ்வளவு காசைக் கொட்டியிருக்கேன்."

"கோயிலுக்கு?"

"கடைசி ஐந்நூறு பிரதி புண்ணியத்துல சேரும். காசு வாங்காதே."

"பல் டாக்டருக்கு?"

"அவருக்கென்ன குறைச்சல்? முழு விலை."

திரை நிறைய வெள்ளைக் கட்டங்கள். அரைத் தூக்கத்தில் அந்தக் கட்டங்களுக்குள் ஆட்களே வந்து உட்காருவது போலிருக்கும். பல் டாக்டர் ஒரு கட்டத்தில், குடையோடு கோயில் பிக்கு ஒரு கட்டத்தில், நூடுல்ஸ் கடைக்காரன் தன் கட்டம் சிறியது என்று பேரம் பேசிக்கொண்டு. தலை மேஜையில் இடிக்கும்போது விழித்துக்கொள்வேன்.

நான்காம் நாள் பிரயூன் ஐயாவின் பெயர் வந்தது. இந்த வழியாகப் போகும் மகாசாய் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்திரண்டு. வருடம் தவறாமல் மழைக்காலத்தில் தன்னுடைய சாவுப் புத்தகத்துக்கு விலை கேட்டு வருவார். எங்கள் ஊர் வழக்கப்படி, எரிக்கிற அன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற புத்தகம், போனவரின் வாழ்க்கை அதில் இருக்கும். வழக்கமாகப் பிள்ளைகள்தான் அவசர அவசரமாக எழுதிக்கொண்டு ஓடி வருவார்கள். ஐயா பிள்ளைகளை நம்பவில்லை.

"அவங்ககிட்ட விட்டா புஸ்தகத்துக்குப் பதிலா ஆளுக்கொரு தைல டப்பியைக் குடுத்து அனுப்பிருவாங்கம்மா" என்பார்.

பதினொரு வருடமாக விலை கேட்கிறார், ஒரு பக்கம்கூட அச்சடிக்கவில்லை. எப்படி அடிப்பது, ஆள்தான் குத்துக்கல்லாக இருக்கிறாரே.

"அவருக்கு எப்பவும் முதல் வருஷத்து விலைதான். காகிதம் எவ்வளவு ஏறினாலும் சரி" என்றாள் அக்கா. "பென்ஷனை வச்சு ஓட்டற மனுஷன்."

மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. சாவுப் புத்தகம் என்று வகை போட்டதும், எரிக்கும் தேதியைக் கேட்டது. காலியாக விட்டால் விதி பதிவாகாது. பதிவாகாவிட்டால் இன்றைய விலை வந்து நிற்கும், பழையதைப்போல் இரண்டரை மடங்கு. அந்த மனிதர் தன் கையெழுத்துப் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். உயிரோடு நடமாடுகிறவருக்குத் தேதி குறிக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன பெட்டியை வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு காலண்டரைப் புரட்டி, அடுத்த வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் யாரும் பிணம் எரிப்பதில்லை. அது சந்தோஷத்துக்கான நாள்; கோயில் சுடலை அன்று மூடியே கிடக்கும். விதி பதிவாகிவிட்டது. அந்தத் தேதி நெருங்கும்போது இன்னொரு வெள்ளிக்குத் தள்ளிப் போட்டால் போதும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரமே ஐயா வந்தார், கூடவே மனைவி சம்லி அம்மா. எப்போதும் போல அந்த அம்மா மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐயாவின் பிரதியில் பென்சிலால் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

"நான் பார்க்கலேன்னா இவர் விடற ரீலையெல்லாம் ஊரே நம்பிரும்" என்றார்.

விலைப்புள்ளியை நீட்டினேன். சம்லி அம்மாதான் முதலில் தேதியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையா? எந்தக் கோயில்லம்மா எரிப்பாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப இவருக்குச் சாவே இல்லேன்னு சொல்லு. எனக்கு விடிவுகாலமே கிடையாது."

"உனக்கென்ன குறை? ராணி மாதிரி வச்சிருக்கேன்" என்றார் ஐயா.

"ஆமா, டிக்கெட் எடுக்காத ஆளு மாதிரி வச்சிருக்கீங்க."

கிளம்பும்போது சம்லி அம்மா மட்டும் என் மேஜை அருகே நின்றார்.

"எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை போட்டு வையேன்மா."

"உங்க பேர்ல கணக்கே இல்லையேம்மா. புதுசா திறக்கணும். அடுத்த தடவை வாங்க, போட்டுடறேன்."

பல் டாக்டரின் ஆள் காத்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிட வேலை. செய்திருக்கலாம்.

மழை விட்டது. ஆற்றில் விளக்கு மிதக்கவிடும் பௌர்ணமியும் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஐயா தனியாக வந்தார். மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை.

"சம்லி போயிட்டாம்மா, ஞாயித்துக்கிழமை. வர்ற சனிக்கிழமை எரிக்கறோம். அவளுக்குப் புஸ்தகம் வேணும்."

அவர் பிரதியை மேஜைமேல் வைத்தார்.

"இதுல அவளைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. எல்லாப் பக்கத்துலயும் நான்தான் இருக்கேன். அந்த விலையும் என் பேருக்குத்தானே?"

சம்லி அம்மாவின் பெயரைத் தட்டினேன். புது வாடிக்கையாளர், இன்றைய விலை என்றது திரை. அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். அந்தப் பெயரை அழித்துவிட்டு, ஐயாவின் விதியைத் திறந்து சேர்த்தேன்: இவர் யாருடைய புத்தகத்தோடு வந்தாலும் இதே விலை. தேதியைச் சனிக்கிழமை என்று மாற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு பிரதியைப் புரட்டினேன். பதினொரு வருடத்துப் பென்சில் எழுத்து ஓரமெல்லாம்.

"ரயில் தாமதமாக வரவில்லை. இவர்தான் தூங்கிவிட்டார்."

"நான் அழவில்லை. மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன்."

"அந்தப் பெண்ணை நானும் பார்த்தேன். அழகிதான்."

"குழந்தை இறந்த அன்று இவர் கொடியைக் காட்டி ரயிலை அனுப்பிவிட்டு வந்து அழுதார். அதை ஏன் எழுதவில்லை?"

"ஐயா, நீங்க எழுதினதை எடுத்துட்டு ஓரத்தை மட்டும் அடிப்போம்" என்றேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெகுநேரம் ஆயிற்று. நானும் அவசரப்படுத்தவில்லை.

"அப்ப நான்?"

"அம்மா எழுதினதுல எல்லா வரியிலயும் நீங்கதானே இருக்கீங்க."

அப்படியே அடித்தோம். பக்கத்தின் நடுவெல்லாம் வெள்ளை, ஓரத்தில் மட்டும் பொடி எழுத்து. இயந்திரத்திலிருந்து தாள் தாளாக வந்து விழுவதைப் பார்த்தபோது, அந்த அம்மா எங்கோ பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பது போலவே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐயா கட்டுகளை எடுத்துப்போக வந்தார்.

"உங்க பேருக்குப் பழையபடி ஒரு வெள்ளியைப் போட்டுடட்டுமா ஐயா?"

அவர் கட்டைத் தூக்கியவாறே யோசித்தார்.

"வெள்ளி வேண்டாம்மா. போகக்கூடிய நாளா ஒண்ணு பார்த்துப் போடு."

"சரிங்கய்யா" என்றேன்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு வெள்ளிக்கிழமையைத்தான் போட்டேன்.