மோகன்குமார் வண்டியின் கூரைப் பட்டை

மோகன்குமார் காரை நிறுத்தி இறங்குவதற்குள் உபைதுல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உத்திரமேரூரில் பதினெட்டு வருஷமாகக் கார்களுக்கு சீட் கவர், கேரியர், கூரைப் பட்டை மாட்டிச் சேர்த்த பெயர் அவருடையது. அதை மாகறல் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வாய்ஸ் மெசேஜில் நாறடித்தவன் இவன். நாலு மாதம் முன்னால் கேரியர் மாட்டியபோது பாய் பட்டையைக் கழற்றி கிளிப்பை உடைத்துவிட்டாராம், மழை பெய்தால் காருக்குள் ஒழுகுகிறதாம். மூன்று நாளாக மாகறலிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. வருவதாகச் சொன்ன இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை.

"இன்னா பாய், நல்லா கீறீங்களா? தண்ணி சொட்டிக்கினே கீது, கொஞ்சம் பாருங்க" என்றான், ஒன்றுமே நடக்காதவன் போல.

உபைதுல்லா பக்கத்து டீக்கடைக் கனகாவைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா. நீயே பாரு. என் தப்புன்னா இன்னிக்கே ஷட்டர எறக்கிடறேன்."

கூரையின் ஓரத்துப் பள்ளத்தில் முன்கண்ணாடியிலிருந்து பின்பக்கம் வரை ஓடும் கறுப்புப் பட்டை அது. குளிர்ந்திருந்தால் முரண்டு பிடிக்கும், அடியிலுள்ள கிளிப்புகள் உடையும். வெந்நீரில் முக்கிய துணியை அதன்மேல் போட்டுக் காத்திருந்தார். ஆத்திரத்திலும் கை அவசரப்படவில்லை. பின்முனையில் பிளாஸ்டிக் நெம்பியைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். முதல் இரண்டு கிளிப்பும் டக், டக்கென்று விட்டன. நடுவில் சத்தமே இல்லை, பட்டை தானாகக் கையோடு வந்தது. கேரியர் மாட்டிய அன்று ஒவ்வொரு கிளிப்பையும் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தவர் அவர். அவருக்குத் தெரியாதா?

பள்ளத்தில் சணல் கயிறு கிடந்தது. அதில் காய்ந்து சருகான சாமந்திப் பூக்கள். இரண்டு கிளிப் உடைந்து கிடந்தன. தண்ணீர் புகாமல் தடவியிருந்த சீலன்ட்டில் சாண் நீளத்துக்குக் கீறல்.

"இது இன்னா மோகனு? என் கடையில பூ விக்கிறேனா?"

மோகன்குமார் குனிந்து பார்த்தான். "தங்கச்சி கல்யாணத்துக்கு வண்டிய ஜோடிச்சோம் பாய். டேப்பு ஒட்னா பெயின்ட்டு பூடும்னு கயித்த இதுக்குள்ள சொருவனேன்."

"எத்த வெச்சித் தூக்குன?"

"ஸ்க்ரூடிரைவரு."

கனகா சிரித்துவிட்டாள். உபைதுல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சிரிப்பு மாகறல் வரை கேட்கப் போகிறதா என்ன?

"சரி வுடுங்க பாய், ஆனது ஆச்சி. மாட்டிடுங்க."

ஆனது ஆச்சாம்! எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். "மாட்டறேன். ஆனா என்னைப் பத்தி சொன்ன அதே குரூப்ல நடந்தத நீயே சொல்லணும்."

அவன் தலையாட்டினான். உபைதுல்லா பள்ளத்தைத் துடைத்து, கீறலில் சீலன்ட் தடவி, உடைந்த இடத்தில் புதுக் கிளிப் போட்டு, முன்பக்கத்திலிருந்து பட்டையை அழுத்திக்கொண்டே வந்தார். பாதி உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மோகன்குமார் போனில் குரூப்புக்குப் பேசுவது கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி ஒழுகுறது சரியாயிடுச்சி. உபைது பாயே பாத்து சரி பண்ணிக் குடுத்துட்டாரு. பாவம், நல்ல மனுசன். இத்தோட வுட்ருங்க."

உபைதுல்லாவின் கை நின்றது. செய்யாத தப்புக்கு அவரை மன்னித்தும் விட்டானே! வாங்கிய அடியைவிட இந்த 'பாவம்'தான் சுட்டது. உட்கார்ந்த கிளிப்புகளைத் திரும்ப ஒவ்வொன்றாகத் தூக்கினார். டக். டக். டக்.

"பாய், இன்னா பண்றீங்க? மேல பாருங்க, மய வருது!"

முழுப் பட்டையையும் எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தார். கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மோகன்குமார் ஆளுயரப் பட்டையை ஏந்திக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றான். திறந்து கிடந்த பள்ளத்தில் முதல் தூறல் விழுந்தது. பட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவன் போனை மறுபடி வாயருகே கொண்டுபோனான். "எல்லாருக்கும் வணக்கம். அந்தக் கிளிப்ப ஒடைச்சது..." என்று இழுத்தான்.