பலாக்கொட்டை ஹெக்சேன்

துஷாந்தினிக்கு உயர்தர வகுப்பில் மற்றதெல்லாம் எப்படியோ ஓடியது. சேதன இரசாயனத்தில் மூலக்கூறுகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் மட்டும் மண்டை காய்ந்துவிடும். காபன் சங்கிலியைக் கண்டாலே கை தன்பாட்டில் '1-மெதைல்' என்று எழுதும். இந்தச் சங்கிலிகளில் அப்படி ஒரு பெயர் வரவே வராது என்று மகேந்திரராஜா சேர் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ஒரு மூலக்கூறு செய்து கொண்டுவாரும். கேட்கிற பெயரைச் சரியாச் சொல்லும். இல்லாட்டி கலைப்பிரிவுக்கு மாறும்" என்றார் கடைசியில்.

வெள்ளைக் கோட்டுப் போட்டு மருந்தகத்தில் நிற்பதுதான் அவள் ஆசை. இரசாயனம் போனால் அதுவும் போச்சு. அன்று பூராவும் அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஏழு பலாக்கொட்டைகளை அவித்து ஈர்க்கில் கோத்தாள். வரிசையாக ஆறு காபன், மூன்றாவதன் கீழே தொங்கலாக ஒன்று; அந்தத் தொங்கல்தான் மெதைல். ஐதரசன் அணுக்களுக்கு மிளகு கேட்டதற்கு, "கைய முறிச்சிருவேன்" என்றாள் அம்மா. சரி, ஐதரசன் கிடக்கட்டும். 3-மெதைல்ஹெக்சேன், 3-மெதைல்ஹெக்சேன் என்று மந்திரம்போல் உருப்போட்டுக்கொண்டே வெள்ளிக்கிழமை காலை இரத்தோட்டையில் பஸ் ஏறினாள்.

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம். யார் கையிலாவது தின்பண்டம் தெரிந்தால் கேட்காமலே எடுக்கலாம். கண்டக்டர் இந்திரகுமார் டிக்கெட் கொடுத்த கையோடு வரிசையின் கடைசிக் கொட்டையைப் பிடுங்கி வாயில் போட்டார்.

"ஐயோ அண்ணே, அது காபன்!"

"காபனா? நல்லா மாவாத்தானே இருக்கு."

பாழாய்ப்போனவர்! ஆறு ஐந்தாகிவிட்டது. உருப்போட்ட பெயர் உதவாது. விரல்விட்டு எண்ணி, 3-மெதைல்பென்டேன் என்று மாற்றிக்கொண்டாள்.

அடுத்த தரிப்பில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏறி நெருக்கியதில் தொங்கல் கொட்டை தெறித்து சீட்டுக்கடியில் உருண்டது. அவர்களில் ஒருத்தியான நிஷாந்தி அக்கா அதைத் தேடியெடுத்து, சேலையில் துடைத்து, வரிசையின் நுனியில் குத்திக் கொடுத்தாள்.

"அழாத தங்கச்சி, அதான் ஒட்டிட்டேன்ல!"

துஷாந்தினியின் வாயில் '1-மெதைல்' வந்துவிட்டது. அதைச் சொல்லப்போனவள் கொட்டைகளைப் பார்த்தாள். இதில் தொங்கல் எங்கே இருக்கிறது? வரிசையாய் ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகள்தான் அவர்களின் லயம்; போன மாசம் பக்கத்து வீட்டார் அதன் கோடியில் ஓர் அறை சேர்த்து இறக்கியது ஞாபகம் வந்தது. அடக் கடவுளே, இத்தனை நாளும் இதுவா விளங்கவில்லை! பஸ்ஸிலேயே சிரித்துவிட்டாள்.

வகுப்பில் சேர் கொட்டைகளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பெயர்?"

"ஹெக்சேன் சேர்."

"நுனியில இருக்கிறது மெதைல் இல்லையோ?"

"இல்ல சேர். லயத்துக்குப் பின்னால இறக்கினாத்தான் அது தனியா ஒரு சமையல் குசினி. கோடியில இறக்கினா லயம்தான் நீளும்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. நுனி ஈர்க்கைக் கீழே வளைத்தார்.

"இப்ப?"

"அதேதான் சேர். மலையச் சுத்தி வளைஞ்சு போனாலும் ஒரே லயம்தானே?"

  சேர் நுனிக் கொட்டையைக் கழற்றி வாயில் போட்டு மென்றார்.

"இப்ப?"

"பென்டேன்!"

"திங்கட்கிழமையும் கொண்டுவாரும்" என்றார் சேர். "உப்புக் காணாது."