ஹால் வழியாக ரயிலுக்கு

நகரத்தை ஒட்டினாற்போல் இருந்த அந்தப் புறநகரில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. மேலே குடித்தனம், கீழே கடைகள், ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் பேருந்து நிலையம். கடைகளுக்கு நடுவே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று தரகர் சொன்னதும், கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அந்த மனிதருக்கும் தையல் தொழில் செய்யும் அவர் மனைவிக்கும் தலைகால் புரியவில்லை.

“எங்க போகணும்னாலும் இங்கேர்ந்து பக்கம் சார்” என்றார் தரகர்.

குடிவந்த மறுநாள் காலை மனைவி கதவைத் திறந்துவைத்து ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கைப்பையோடு ஒருவர் உள்ளே வந்தார். துடைப்பத்தைத் தாண்டினார். சமையலறைக்குள் போய்ப் பின்கதவைத் திறந்து வெளியேறினார். அவர் பின்னாலேயே ஒரு நர்ஸ், ஒரு வாத்தியார், முட்டை அட்டைகளைச் சுமந்தபடி ஒரு கடைக்காரர். முன்வாசல் பேருந்து நிலையத்தைப் பார்த்தது, பின்வாசல் ரயில் நிலையத்தை. சுற்றிப் போனால் ரயில் போய்விடும் என்றார்கள்.

பூட்டிப் பார்த்தார்கள். வெளியே வரிசை நின்றது. யாரும் சத்தம் போடவில்லை, மாறி மாறி மணியை மட்டும் அழுத்தினார்கள். புகார் கொடுத்ததில் நகராட்சி இன்ஜினியர் வந்து ஹாலை அளந்தார், கொடுத்த டீயைக் குடித்தார். அகலம் போதாது, சோபாவை நகர்த்திப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக ரயிலுக்கு ஓடினார்.

கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சோபாவை நகர்த்தினார். மனைவிக்கு வேறு யோசனை. தையல் மெஷினைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். அறுந்த பையையும் கிழிந்த சட்டையையும் காலையில் போகிறபோது கொடுத்தார்கள், மாலையில் திரும்புகிறபோது வாங்கிக்கொண்டார்கள். அவளுக்குப் பேச்சுத்துணைக்கும் பஞ்சமில்லை. சொந்த வீட்டில் கால் வைக்க இடமில்லையே என்று கணவர்தான் பொருமிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மாலை அவர் ரயில் கூட்டத்தோடு பின்கதவில் நுழைந்தார். நிற்க நினைப்பதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் விட்டது. திரும்பி வந்தார். எதிர்க்கூட்டம் ரயில் நிலையத்தில் சேர்த்தது. மனைவி மெஷினிலிருந்து தலை நிமிரும்போதெல்லாம் கணவர் போய்க்கொண்டிருந்தார். முதலில் ஏதோ அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்த முறை கடந்தபோது எழுந்து, சட்டையைப் பிடித்து இழுத்து சோபாவில் உட்காரவைத்தாள்.

“இப்படியே போயிட்டிருந்தா வீட்டுக்கு எப்பதான் வருவீங்க?” என்றாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது. சோபாவில் இளைப்பாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இடம்விட்டு நகர்ந்து, எதுவரைக்கும் போகணும் என்று விசாரித்தார்.

“நான் இங்கதாங்க” என்றார் கணவர்.

சொன்னபிறகு மனசு லேசாகிவிட்டது. காலை நீட்டப் போனவர், யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களே என்று மடக்கிக்கொண்டார்.