ஏழு சந்தனப் பொட்டு

"விஜயதசமி அன்னிக்குக் காலைல வண்டி வந்துடும், பொன்னி. பூஜைக்கு முன்னாடி இரும்ப வெளில அனுப்ப வாணாம்னு நான்தான் தள்ளி வெச்சேன்" என்றார் லோகநாதன்.

"இன்னும் எட்டு நாள் கீது மாமா" என்றாள் பொன்னியம்மா.

"எட்டு நாள்ல இன்னா பண்ணப் போற?"

"ஓட்டப் போறேன்."

லோகநாதன் அவள் கணவன் அய்யாசாமியின் அண்ணன். கெட்டவர் அல்ல. ஆனால் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்கத் தெரியாதவர். பழைய இரும்பு எடுக்கும் கோவிந்தனிடம் கரையான்சாவடிக் கடைத்தெருவில் நாலு பேர் எதிரில் "பெரிய மிஷின நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்த காலம். துருப்பிடித்த ஆணியைக்கூட ஆள் தேடி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டின் முன்கட்டில் இருந்த அந்தத் தோல் தையல் கடையில் மொத்தம் மூன்று மிஷின்கள். மூன்றும் அய்யாசாமி தேடித் தேடிச் சேர்த்தவை. பூந்தமல்லியில் துரைமார்களுக்குக் குதிரைச் சேணம் தைத்துக் கொடுத்த ஒரு கடை, துரைமார்கள் மோட்டாருக்கு மாறியதும் மூடிப்போயிற்று. அங்கிருந்துதான் பெரிய மிஷின் வந்தது. நாலு பேர் கழி கட்டித் தூக்கி வந்தார்கள். அய்யாசாமி அதற்கு யானை என்று பெயர் வைத்தான். நாலு விரல் கனத்துச் சக்கரம் ஒன்று சுற்றச் சுற்ற, முக்கால் அங்குலத் தோலையும் அது குத்தித் தைக்கும்.

யானை இருந்ததால்தான் கடை இருந்தது. நூம்பலிலிருந்தும் மேனாம்பேட்டிலிருந்தும் விவசாயிகள், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு அடியில் கட்டும் நீளமான தோல் குழாயைத் தைக்கக் கொண்டுவருவார்கள். கையால் தைத்தால் ஒரு குழாய்க்கு இரண்டு நாள் ஆகும். அப்படியும் தையல் வழியே கிணற்றுத் தண்ணீர் பாதி திரும்பக் கிணற்றுக்கே போய்விடும். யானை ஒரு மணி நேரத்தில் தைத்துப் போடும். சொட்டு கசியாது.

இரண்டரை வருஷத்துக்கு முன் அய்யாசாமி பட்டாளத்தில் சேர்ந்தான். கோவேறு கழுதைகளுக்குச் சேணம் தைக்கும் வேலை. ரயில் ஏறும்போது அவன் சொன்னது ஒன்றுதான்: "யானைய நிறுத்திடாத பொன்னி."

அவள் நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. போன வருஷமே சக்கரம் கனக்க ஆரம்பித்தது. இந்த ஆடி மாதத்தில் ஒரு தோலின் நடுவில் ஊசி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. மேனாம்பேட்டு பிட்டர் ஒருவர் வந்து சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். "உள்ள தண்டு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். நூம்பல் மணவாளனின் கிழிந்த குழாய் அன்றிலிருந்து மூலையில் சுருண்டு கிடந்தது. "பூஜை வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஆவடிப் பக்கம் போய்த் தைச்சிக்கறேன்" என்று அவர் சொல்லியனுப்பிவிட்டார்.

எட்டு நாளில் ஏழு நாள் பொன்னியம்மா மிஷினுக்குக் கீழேயே கிடந்தாள். அடித்தகட்டைக் கழற்றினாள். நூல் கண்டு ஓடும் இடத்தைச் சுரண்டினாள். பல் சக்கரங்களைத் துடைத்தாள். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் எண்ணெய் விட்டாள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கோணியின் மேல் பரப்பி, அதே வரிசையில் திரும்பப் பூட்டினாள். சக்கரம் அசையவில்லை. மறுபடி கழற்றினாள்.

"கைய பாருடி, கருங்கல்லாட்டம் ஆயிட்ச்சு" என்றாள் லோகநாதனின் மனைவி கன்னியம்மாள்.

"கல்லுன்னா ஒடையாது இல்லக்கா."

எட்டாம் நாள் ஆயுத பூஜை. திருப்புளி, குத்தூசி, கத்தி, எண்ணெய்க் குப்பி எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு, மஞ்சள் குங்குமத்தோடு படத்துக்கு முன் பலகையில் ஏறிவிட்டன. இனி நாளைக் காலையில் பூஜையைக் கலைக்கும்வரை யாரும் தொடக் கூடாது.

கன்னியம்மாள் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். பொன்னியம்மா விரலைத் தோய்த்து யானையின் அருகில் போனாள். ஒவ்வொரு வருஷமும் அவள்தான் பொட்டு வைப்பாள். எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். மிஷினின் தலையிலும் கழுத்திலும் பொட்டுக்கென்றே செய்து வைத்தது போல ஏழு சின்னக் குழிகள் இருந்தன. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அவள் கண்டுபிடித்த இடங்கள் அவை. சந்தனம் வழியாமல் வட்டமாக நிற்கும்.

முதல் பொட்டுக்கு விரலை வைத்தாள். விரல் உள்ளே அமுங்கவில்லை.

தடவிப் பார்த்தாள். குழி இல்லை. அடுத்த இடத்திலும் இல்லை. எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, இரும்போடு இரும்பாகக் கறுத்து, சமமாக இருந்தது.

அவளுக்கு ஒரு விஜயதசமிக் காலை நினைவுக்கு வந்தது. அய்யாசாமி சீமெண்ணெய்த் துணியும் ஊசியுமாக உட்கார்ந்து பொட்டுகளை நோண்டிக்கொண்டிருந்தான். "சாமிக்கு வெச்ச பொட்ட விடிஞ்சதும் அழிக்கிறியே" என்று அவள் கேட்டபோது, "யானைக்கு மூக்கு அடைச்சிக்குது, இன்னா பண்றது" என்று சிரித்தான். வேடிக்கை என்று நினைத்து அவளும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எண்ணெய் விடும் துவாரங்கள். ஏழும். அவன் இல்லாத இரண்டு பூஜையிலும் அவளே பொட்டு வைத்து, அவளே துடைத்து, அவளே அடைத்திருக்கிறாள்.

சந்தன விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி நிறுத்திட்ட?"

"அக்கா, இத இப்பவே நோண்டி எடுக்கணும்."

"இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாது. தெரியும் இல்ல?"

"தொடல." பொன்னியம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. "இது ஆயுதமா?"

கன்னியம்மாள் ஊசியையும் பூஜைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் தலையிலும் கை வைத்தாள். "இல்ல, இது கொண்ட ஊசி. என்னுதையும் வெச்சிக்க. உன்னுது வளைஞ்சிடும்."

அவள் சொன்னபடியே மூன்றாவது துவாரத்தில் வளைந்தது. மேலே கறுப்பாகவும் உள்ளே மங்கிய மஞ்சளாகவும் சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. ஏழாவதிலிருந்து குங்குமமும் சேர்ந்து கட்டியாக வந்து விழுந்தது. பொன்னியம்மா விளக்கைத் திறந்து, அதிலிருந்த சீமெண்ணெயைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு துவாரத்திலும் இறக்கினாள்.

வாசனை பிடித்து லோகநாதன் வந்தார். "பூஜையும் அதுவுமா இன்னா நாத்தம் இது? ராத்திரிக்கு வெளக்குக்கு இன்னா பண்ணுவ? இந்த மாசத்துச் சீமெண்ண அவ்ளோதான்."

"ஒரு நாள் இருட்டுல சாப்டலாம் மாமா. நான்தான் அடைச்சேன். நான்தான் தொறக்கணும்."

லோகநாதன் தரையில் கிடந்த மஞ்சள் பொடியைப் பார்த்தார். அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். ஆனால் வண்டி வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலையில் பூஜையைக் கலைத்த கையோடு எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். ஏழு துவாரமும் எண்ணெயை மடமடவென்று குடித்தன. சக்கரத்தைப் பிடித்தாள். அசையவில்லை. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

கோவிந்தன் கயிறும் கழியுமாக இறங்கி, வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தான். உள்ளே பொன்னியம்மா ஒரு பக்கமும் கன்னியம்மாள் ஒரு பக்கமுமாகச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தங்கச்சி, யானைக்குப் பிரசவமா?"

"ஆமா அண்ணாத்தே. நீயும் வந்து ஒரு கை புடி."

"எனுக்கு இன்னாத்துக்கு? நான் பொணம் தூக்க வந்தவன்."

பொன்னியம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலமாகத் தள்ளுவதை நிறுத்தினாள். "அக்கா, தள்ளாத. ஆட்டு. முன்ன கொஞ்சம், பின்ன கொஞ்சம்." நெல் கனம் அசைந்தது. எண்ணெய் விட்டாள். விரல் கனம் அசைந்தது. மறுபடி எண்ணெய். துவாரங்களின் ஓரத்தில் சந்தனமும் எண்ணெயும் கலந்து காபி நிறத்தில் கசிந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. கிறீச்சென்ற ஒரு சத்தத்தோடு சக்கரம் முழுதாகச் சுற்றி வந்தது. ஆடியிலிருந்து உள்ளே நின்றிருந்த ஊசி மேலே ஏறியது.

"சுத்துனா ஆச்சா? தைக்கணும்" என்றார் லோகநாதன். "நான் வாக்கு குடுத்துட்டேன். இவன் வண்டி கட்டிகினு வந்துட்டான்."

பொன்னியம்மா வாசலைப் பார்த்தாள். கோவிந்தனின் வண்டியில் இடப்பக்க மாட்டுக்குக் கழுத்துப் பட்டை அறுந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது.

"அந்தப் பட்டையக் கழட்டு அண்ணாத்தே."

"கெடுத்துடப் போற."

"ஏற்கெனவே அறுந்ததுதானே? இன்னும் இன்னா கெடப் போவுது?"

இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, உள்ளே ஒரு துண்டுத் தோல் கொடுத்து, ஊசிக்கு அடியில் தள்ளினாள். புது ஊசி, மெழுகு தேய்த்த நூல். கால் பலகையில் பாதத்தை வைத்தாள். மிதித்தாள். யானை குத்தியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நூல் தொளதொளவென்று தொங்கியது. கோவிந்தன் சிரித்தான். அவள் நூலை அறுத்துவிட்டு, மேல் திருகை ஒரு சுற்று இறுக்கினாள். மறுபடி மிதித்தாள். இந்தத் தடவை தையல் எறும்பு வரிசை போல நெருக்கமாக ஓடியது. இரண்டு வரிசை போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

கோவிந்தன் பட்டையை ஒரு காலால் மிதித்து, இரண்டு கையாலும் இழுத்தான். முகம் சிவந்தது. தையல் பிரியவில்லை. மாட்டின் கழுத்தில் கட்டிவிட்டு, கயிற்றையும் கழியையும் வண்டியில் போட்டான்.

"இன்னாடா, தூக்கலியா?" என்றார் லோகநாதன். "நான் குடுத்த வாக்கு?"

"நீ வாக்கு குடுத்தது செத்த மிஷினுக்கு நைனா. இது செத்தா சொல்லியனுப்பு, வரேன்." வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் திரும்பினான். "வலத்து மாட்டுதும் நைஞ்சிகினு கீது தங்கச்சி. வெள்ளிக்கிழமை எடுத்துகினு வரேன்."

காலி வண்டி தெருமுனை திரும்பியது. லோகநாதன் உள்ளே வந்து, பொன்னியம்மா கேட்காமலே, பலகையிலிருந்த மீதி ஆயுதங்களை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

கன்னியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "நேத்து வெக்காத பொட்ட இப்பவாவது வெச்சிடு."

பொன்னியம்மா மிஷினின் மரப் பலகையில் ஒரே ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் மூலையில் கிடந்த மணவாளனின் குழாயை இழுத்து, தூசியைத் தட்டி, ஊசிக்கு அடியில் கொண்டுவந்தாள்.