பெந்தோட்டையிலிருந்து வந்த வழி

வலது கை நகங்களை வெட்டிவிடட்டுமா என்று இறுதிச் சடங்கு மலர்ச்சாலைப் பெண் ஆங்கிலத்தில் கேட்டபோது, வைதேகி குனிந்து கணவனுக்கு உடுத்திய வேட்டியின் கரையை நேராக்கிக்கொண்டிருந்தாள். கேள்வி தனக்கானது என்று உடனே பிடிபடவில்லை.

அருந்தவனின் இடது கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த மூன்று விரல்களும் மட்டும் நீண்ட நகத்தோடு இருந்தன. அரத்தால் தேய்த்து ஓரம் வழவழப்பாக்கப்பட்ட நகங்கள்.

"அம்மா, வெட்டுறதோ விடுறதோ எண்டு கேக்கினம்," என்றாள் மகள் மிருணாளினி.

கலியாணம் முடித்த நாளிலிருந்து வைதேகிக்கும் அந்த நகங்களுக்கும் ஒத்துவரவில்லை. புட்டும் குழம்பும் உள்ளே போய் மஞ்சளாகிவிடும். கரண்டியால் சாப்பிடுங்கோ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். போன ஞாயிறு காலை, வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் கையில் தண்ணீர்க் குழாயோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தபோதும், அவள் ஓடிப்போய்ப் பிடித்தது அந்தக் கையைத்தான்.

"வேண்டாம்," என்றாள். "அது பாட்டிலை இருக்கட்டும்."

அருந்தவன் யார் என்று கேட்டால் சிட்னியில் இரண்டு பதில்கள் கிடைக்கும். பென்டில் ஹில் தமிழர்களைப் பொறுத்தவரை அவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், அதிகம் கதையாதவர், கொஞ்சம் திமிர் பிடித்தவர் என்றும் சொல்வார்கள். பிறந்தநாள் வீடுகளில் இளசுகள் ஒரு கிற்றாரைக் கொண்டுவந்து நீட்டி, "அங்கிள், ஒரு பைலா அடியுங்கோவன்" என்று அந்தச் சிங்கள ஆட்டப்பாட்டைக் கேட்டால், சிரித்துவிட்டுக் கிளாசோடு வெளியே போய்விடுவார். திரும்பி உள்ளே வரமாட்டார்.

மற்றப் பதில் பிளாக்டவுன் பக்கத்துக் கிளப்புகளில் இருந்தது. அங்கே அவர் 'ஆரன்'. முப்பது வருடங்களாக வெள்ளிக்கிழமைகளில் கன்ட்ரி பாட்டுக்கும் புளூஸுக்கும் அந்த நகங்களால் லீட் கிற்றார் வாசித்தவர். டாம்வொர்த் கன்ட்ரி இசை விழா வந்தால் வேறு பாடகர்கள் அவரை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கும் முந்திய கொழும்பு வாழ்க்கையில் ஹோட்டல்களில் ஜாஸ், ஒலிப்பதிவுக் கூடங்களில் சிங்களப் பாட்டு, வானொலியில் தமிழ் மெல்லிசை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனவர். அந்தக் காலத்து இசைத்தட்டுகள் சிலவற்றின் தொடக்கத்தில் வரும் கிற்றார் அவருடையதுதான். உறையில் பெயர் இருக்காது.

இந்த இரண்டாவது மனிதரை வைதேகி சிட்னியில் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கூப்பிடாமல் இல்லை. வந்த புதிதில் கூப்பிட்டார். பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல் என்பாள், தலையிடி என்பாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் கராஜுக்குள் இருந்துதான் வாசிப்பார். அதுவும் அவள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து. அவளுடைய கார் தெருவுக்குள் திரும்பியதும் சத்தம் நின்றுவிடும். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது அவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தார்கள். மிருணாளினி கைக்குழந்தை. அருந்தவன் பெந்தோட்டையில் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போயிருந்தார். புதன்வரைக்கும் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தமிழர் வீடுகளைத் தேடித் தெருவுக்குள் ஆட்கள் வந்தபோது, பின்வீட்டுச் சிங்களக் கிழவர் மதிலுக்கு மேலால் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவளும் மதில் ஏறி இறங்கி, அவர் வீட்டுக் கக்கூசுக்குப் பக்கத்து அறைக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தபோது, தன் வீட்டுக் கண்ணாடிகள் உடையும் சத்தத்தை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு லொறி, பிறகு பள்ளிக்கூடத்து அகதி முகாம். புதன் பின்னேரம் அருந்தவன் முகாம் வாசலில் வந்து நின்றார். உடுப்பெல்லாம் தூசி. வலது கையில் கிற்றார் பெட்டி.

அந்த முகாமில் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். அவள் முதலில் பார்த்தது பெட்டியைத்தான். வேலையை முடித்துக்கொண்டு, சாமானையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள். எங்கே நின்றீர்கள் என்று கேட்கவில்லை. பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

தகனத்துக்கு முதல்நாள் மத்தியானம் வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது டெரிக் வந்து சேர்ந்தார். கொழும்புக் காலத்து ட்ரம்ஸ்காரர், ஐரோப்பிய வம்சாவழிப் பறங்கியர். எண்பத்தைந்தில் மெல்பேர்னுக்கு வந்தவர். வருடத்தில் ஒரு தடவை போனில் கதைப்பார். அருந்தவன் கராஜுக்குள் போய்ப் பேசுவார். எழுபத்தைந்து வயதில் டெரிக் தனியே கார் ஓடி வந்திருந்தார். பின்சீட்டில் போர்வையால் சுற்றிய ட்ரம்கள்.

தேத்தண்ணியைக் கையில் வாங்கியபடியே கேட்டுவிட்டார். அருந்தவனோடு கிளப்பில் வாசிக்கும் கிரெக்கும் மவ்ரீனும் தன்னோடு கதைத்தார்களாம். நாளைக்கு ஒரே ஒரு பாட்டு வாசிக்க விடுவீர்களா?

அருந்தவனின் தம்பி தருமராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐயரையும் தேவாரம் பாடுபவரையும் மண்டபத்தையும் ஒழுங்குசெய்வது அவர் பொறுப்பு.

"செத்தவீட்டிலை ட்ரம்ஸோ?" என்றார். "அது சரிவராது. சனம் சிரிக்கும்."

"சித்தப்பா சொல்லுறது சரி, அங்கிள்," என்றாள் மிருணாளினி. "டைமும் இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

டெரிக் தலையை ஆட்டினார். கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். வைதேகி அங்கே கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பைலா மாதிரி ஒண்டும் இல்ல, வைதேகி," என்றார், கொழும்புத் தமிழில். "அது எனக்கும் தெரியும்தானே. அதுக்குப் பிறகு அவன் பைலா தொட்டதே இல்ல."

"எதுக்குப் பிறகு?"

"அந்த ரோட்டுக்குப் பிறகு. பெந்தோட்டைல இருந்து வந்த ரோடு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அவன் சொல்லல்லயா?"

வைதேகி குழாயை மூடாமலே அவர் பக்கம் திரும்பினாள். டெரிக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவருக்கு இனி நிறுத்த வழியில்லை.

டெரிக்கின் பழைய மொரிஸ் காரில்தான் இருவரும் வந்தார்கள். முதல் சந்தியில் தமிழர்களைத் தேடிய ஒரு கூட்டம் மறித்தது. டெரிக் தன் பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருப்பவன் யார் என்று கேட்டார்கள்.

"அவன்ட சிங்களம் நல்லம். ஆனா பயம் வந்தா தமிழ் வந்துரும். அதால நான் முந்திக்கிட்டேன். இவன் எங்கட பாண்ட்காரன், வேணும்டா வாசிக்கச் சொல்லிப் பாருங்க எண்டேன். அவன் பெட்டியத் திறந்து பைலா ஒண்டு வாசிச்சான். தட்டிக்குடுத்து அனுப்பினானுகள்."

"பிறகு?"

"அடுத்த இடத்தில ஒரு தமிழ்க் கடை எரிஞ்சுகொண்டு இருந்தது. இது எரிஞ்சு முடியிறவரைக்கும் வாசி எண்டானுகள். போத்திலோட சுத்திச் சுத்தி ஆடினானுகள். உள்ளுக்கு ஆக்கள் இருந்தாங்களா எண்டு எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. வாசிச்சான்."

முன்னறையில் யாரோ போனில் மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குப் பிறகு ரெண்டு ராத்திரி ஒரு ஃபாதர்ட சேர்ச்சில ஒளிச்சு இருந்தோம். புதன்கிழமை திரும்ப வெளிக்கிட்டா, கிற்றாரப் பின்சீட்டில வைக்க விடமாட்டான். மடியிலயே வெச்சிருந்தான். அடுத்த சந்தியிலயும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா?"

வைதேகி குழாயைப் பூட்டினாள்.

"ஹோட்டல்லை இருந்து எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"திங்கக்கிழமை. கேள்விப்பட்ட உடன. மேனேஜர் நல்ல மனுஷன். ரூமுக்குள்ள இரு, இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க எண்டான். இவன் கேக்கல்ல."

"திங்கக்கிழமை," என்றாள் வைதேகி.

"ஓம். பகல்."

அவள் துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தாள். துடைத்தவற்றை அலுமாரிக்குள் அடுக்கினாள். ஒன்றின் உள்ளே ஈரம் இருந்தது; திரும்ப எடுத்துத் துடைத்தாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ, டெரிக்?"

"வழியில ஏதோ."

அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

"தம்பி, நாளைக்கு டெரிக் ஆக்கள் ஒரு பாட்டு வாசிக்கட்டும்."

"மச்சாள், சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

மிருணாளினி தாயைப் பார்த்தாள். வைதேகி யாரோ விட்டுப்போன செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேவாரம் முடிந்து சுண்ணம் இடித்து, மிருணாளினி வாய்க்கரிசி போட்டு, வந்தவர்கள் வரிசையாகப் பூப்போட்டு உட்கார்ந்த பிறகு, மூன்று முதியவர்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். கிரெக்கிடம் பேஸ் கிற்றார். மவ்ரீன் கறுப்புச் சட்டையில் சின்னப் பொட்டு வைத்திருந்தாள். யாரிடமோ கேட்டு வைத்திருக்க வேண்டும். டெரிக் ட்ரம்ஸின் பின்னால் உட்கார்ந்து, தடிகளை வைத்துவிட்டு, மெல்லிய சத்தம் தரும் கம்பித் தூரிகைகளை எடுத்தார்.

மூன்றடித் தாளத்தில் மெதுவான ஒரு பாட்டு. மவ்ரீனின் குரல் கரகரத்தது, சுருதி விலகவில்லை. முன்வரிசையில் வைதேகி மடியில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு சரணங்கள் ஆனதும் மவ்ரீன் வாயை மூடிக்கொண்டு ஓரடி பின்னுக்குப் போனாள்.

பேஸும் தூரிகையும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே ஒன்றும் வரவில்லை. மூன்று பேரும் பெட்டியின் பக்கம் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள்.

பின்னால் ஒரு கதிரை கிரீச்சிட்டது. "முடிஞ்சுதோ?" என்று ஒரு பெண் கேட்டாள். தருமராசா மணிக்கூட்டைப் பார்த்தார். எழும்பத் தொடங்கிய ஒருவரை மிருணாளினி கைகாட்டி இருத்தினாள்.

அருந்தவன் தனியே வாசிக்கும் பகுதி எவ்வளவு நீளம் என்று அந்த மூவருக்கும் தெரியும். பாட்டு எங்கே ஏறும், எங்கே ஒரு கணம் தங்கி இறங்கும் என்று தெரியும். கிரெக்கின் தலை ஓரிடத்தில் லேசாக அசைந்தது. அந்த இடத்தில் அருந்தவன் ஏதோ செய்வார் போல. வைதேகி இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருந்தாள்.

பிறகு மவ்ரீன் முன்னுக்கு வந்து கடைசிச் சரணத்தைப் பாடினாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் சாப்பாட்டுக்குப் போன பிறகு, சுடலை மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் வெயில் ஏறியிருந்தது. டெரிக் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ட்ரம்களை எப்படி உள்ளே வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார். வைதேகி அவரிடம் நடந்தாள். மிருணாளினி கூடவே வந்தாள்.

"அம்மா, நேற்று ஏன் திடீரெண்டு ஓம் எண்டனீங்கள்?"

"அந்த மனுசன் மெல்பேர்னிலை இருந்து தனிய கார் ஓடி வந்தவர்," என்றாள் வைதேகி.

டெரிக்குக்கு இரண்டு கைகளும் போதவில்லை. தாங்கியிலிருந்து கழற்றிய பெரிய பித்தளைச் சிம்பல் தட்டை வைதேகியிடம் நீட்டிவிட்டுப் போர்வையை விரிக்கத் திரும்பினார். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாங்கும்போது விளிம்பு கார்க் கதவில் இலேசாக முட்டி, சத்தம் எழுந்தது.

"கையால பிடிங்க, நிண்டுரும்," என்றார் டெரிக், திரும்பாமலே.

வைதேகி பிடிக்கவில்லை. நடுத்துளையில் விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் தானாக ஓயும்வரை வெயிலில் நின்றாள்.