ஆராயி அக்காவின் முப்பது படங்கள்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்களைத் தனப்பிரியா இரண்டு வருடமாகப் படம் எடுத்திருந்தாள். அதைப் புத்தகமாக்கும் ஆசையில் மாதிரிப் பிரதி ஒன்றைத் தயாரித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே கல்யாண ஆல்பம் அச்சிடும் கடையில் வடிவமைப்பாளராக இருந்த அஃபீபா அவளுடைய கல்லூரித் தோழி.

அஃபீபா பொறுமையாகப் புரட்டினாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. பக்கத்துக்கு ஒரே படம்.

"படமெல்லாம் ஜோரா இருக்குடி. ஆனா புத்தகம் உன்னுது மாதிரி இல்ல. நீ பாத்த புத்தகங்க மாதிரி இருக்கு."

தனப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. அது உண்மைதான்.

மறுநாள் பண்ணைக்குப் போனாள். எந்தப் படங்களைப் போடலாம் என்று அங்கே முட்டை பொறுக்கும் ஆராயியிடம் கேட்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் அவரை எடுத்த முப்பது படங்களையும் பொடிப்பொடியாக, கலரிலேயே ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். ஆராயி கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது.

"இது தண்ணிக் கொழாய் அடைச்சுக்கிட்டப்ப. இதுல இடுப்பு புடிச்சுக்கிச்சு. இது ஊட்டுக்கு எப்படா போவோம்னு நிக்கறது."

"இதப் பாருங்கக்கா" என்று மாதிரிப் பிரதியிலிருந்த பெரிய படத்தைக் காட்டினாள் தனப்பிரியா.

"இதும் நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா இதுல நான் சும்மா நிக்கறேன். அதுலதான் வேலை செய்யறேன்."

தனப்பிரியா வெளியே ஓடிவந்து அஃபீபாவுக்குப் போன் போட்டாள். "ஒரு பக்கத்துல ஒருத்தரோட முழு நாள்! முப்பது படம்! கலர்ல!"

"ஆறு அஞ்சா அடுக்கிரலாம்" என்றாள் அஃபீபா. "முப்பது முட்டை வைக்கற அட்டை மாதிரி."

"ஐயோ, ஆமாடி!" அவள் கத்திய கத்தலில் கொட்டகையில் கோழிகள் கலவரப்பட்டன.

கல்யாண ஆல்பத்தின் கெட்டி அட்டையிலேயே புத்தகம் வந்தது. நாமக்கல்லில் நடந்த வெளியீட்டு விழாவில் ஆராயி தன் பக்கத்தை விரித்து ஒவ்வொரு கட்டமாகக் கதை சொல்ல, கூட்டம் நகரவே இல்லை. இருநூறு பிரதியும் தீர்ந்தது.

ஆறு மாதம் கழித்து அஃபீபா பதறிக்கொண்டு போன் செய்தாள். "வாழப்பாடிக்காரர் ஒருத்தர் புத்தகம் அச்சடிக்க வந்திருக்காரு. பக்கத்துக்கு முப்பது கட்டம். அப்படியே நம்மளுது!"

கோபத்தோடு பஸ் ஏறினாள் தனப்பிரியா. கடையில் அந்த வாழப்பாடிக்காரர் ஆனந்தகுமார் எழுந்து கும்பிட்டார். சந்தையில் மூட்டை தூக்குபவர்.

"உங்க புத்தகத்தப் பாத்துதான் மேடம் எடுத்தேன்" என்றார் கொஞ்சமும் ஒளிக்காமல்.

சண்டைக்கு வந்தவள் பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு பக்கத்திலும் சந்தையில் ஒரே இடம், ஒரு மாதம், நாளுக்கு ஒரு படம். இடையிடையே சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"இதெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"அன்னைக்கு லோடு வரல மேடம். வேலை இல்ல."

தனப்பிரியா ஒரு காலிக் கட்டத்தை விரலால் தடவினாள். வேலையில்லாத நாளைப் படமே இல்லாமல் காட்டலாம் என்று இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"அஃபீபா, இதப் பாத்தியாடி? அந்தக் காலிக் கட்டத்துல ஒரு கோடுகூடப் போட்றாத!"

பிறகு ஆனந்தகுமாரிடம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, நாளைக்குச் சந்தைக்கு நானும் வாரேன். லோடு எத்தனை மணிக்கு எறங்கும்?"