கூட வந்தவங்க யாரு?

"இதுக்கெல்லாம் நீ வரணும்னே இல்ல பாய். போட்டோவ வாட்ஸ்அப்புல அனுப்பு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்பதுதான் ஷோயப் வழக்கமாகச் சொல்வது. ஷோயப் லைசென்ஸ் புரோக்கர். லாரி ஓட்டுகிறவர் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம், இவருக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது, மயக்கம் கியக்கம் கிடையாது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். மந்தைவெளியில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். ஆள் முகத்தையே பார்க்காமல் போட்டுக்கொடுப்பார். லாரி டிரைவர் அப்துல் கய்யூமுக்கு இத்தனை வருஷமாகக் கண் தெரிந்துகொண்டிருந்தது அந்தப் பேனாவின் புண்ணியத்தில்தான்.

இந்தத் தடவை பெரியவர் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவர் மருமகள் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா ஆளப் பாக்காம போட மாட்டேங்குது பாய்" என்றான் ஷோயப் போனில். "போய் தலைய காட்டிட்டு வந்துடு. எது கேட்டாலும் இல்லன்னு சொல்லு. கண்ணு தெரியுதான்னு கேட்டா மட்டும் தெரியுதுன்னு சொல்லு. மாத்திச் சொல்லிடாத, ஆமா!"

கய்யூம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"மயக்கம் வருமா?"

"இல்ல."

"வலிப்பு?"

"இல்லம்மா."

"ராத்திரில கண்ணு மங்கறதா?"

"இல்ல."

இதுதான் பொய். சில மாதமாகவே எதிரே வருகிற வண்டியின் விளக்கு பஞ்சு வெடித்த மாதிரி விரிந்து ரோட்டையே மூடிக்கொள்கிறது. முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே காஞ்சிபுரம் தாண்டி வந்த நாள் உண்டு. பக்கத்து சீட்டில் கிளீனர் என்று ஒருவன் இருந்த காலத்தில் "இன்னா நைனா, கோட்டுக்கு வெளிய போற?" என்றாவது கேட்டிருப்பான். இப்போது எந்த முதலாளி கிளீனர் போடுகிறார்? கேபினில் அவரும் கண்ணாடியில் தெரிகிற அவர் முகமும்தான்.

"ஜன்னல் வழியா பாருங்கோ. எதிர்ச்சாரில ஒரு வெள்ளைக் கார் நிக்கறதோல்லியோ, அது நம்பரைச் சொல்லுங்கோ."

கார் தெரிந்தது. நம்பர் பலகை இருப்பதும் தெரிந்தது. அதில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் அசைந்தது. ஆனால் டிரைவர் தொழிலில் கிழவராகிவிட்டவர் அல்லவா, யோசித்தார். மந்தைவெளித் தெருவில் வீட்டு வாசலில் நிற்கிற கார், மந்தைவெளி ஆர்டிஓ ஆபீசில் பதிவாகாமல் வேறு எங்கே பதிவாகியிருக்கும்?

"டிஎன் சைபர் ஆறு" என்று உரக்க ஆரம்பித்தார். மீதியைக் காற்றிலிருந்து எடுத்துப் போட்டார்.

"அது என் தம்பி கார். பெங்களூர்லேர்ந்து வந்திருக்கான். கர்நாடகா நம்பர்." ஸ்ரீலக்ஷ்மி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

"இல்ல" என்றார், வந்த வேகத்தில். அப்புறம், "கீதும்மா. ரொம்ப நாளா" என்றார்.

"லஸ்ல கண் டாக்டர் இருக்கார். நேரே அங்கே போங்கோ. அவர் சரின்னு எழுதிக் கொடுத்தா இன்னிக்கே நான் கையெழுத்துப் போடறேன்."

லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. அது இல்லையென்றால் முதலாளி சாவியை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுவார். லாரி போனால் கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை அறைதான். மனைவி ஜமீலுன்னிசா இறந்தபிறகு அங்கே குளிக்கத்தான் போகிறார். தூக்கம் லாரியில்தான் வரும்.

லஸ்ஸில் கண் டாக்டரின் கிளினிக்கில் கூட்டம். நர்ஸ் ஜோதிலட்சுமி சொட்டு மருந்தோடு வந்தவள் நின்றாள்.

"கூட வந்தவங்க யாரு?"

"எதுக்குமா?"

"மருந்து விட்டா சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சரியாத் தெரியாது. தனியா வந்தவங்களுக்கு விட மாட்டோம். டாக்டர் திட்டுவாரு."

"வண்டிய பார்க்கிங் பண்ணப் போய்க்கிறாங்க." செக்போஸ்டில் போலீஸ்காரருக்குச் சொல்கிற பதில்போல டக்கென்று வந்துவிட்டது.

"யாரு, பையனா?"

"வீட்டுக்காரம்மா."

"அட! வீட்டம்மா வண்டி ஓட்டுவாங்களா? பரவால்லயே! எங்க வீட்டுக்காரு எனக்கு ஸ்கூட்டியே தர மாட்டேங்கறாரு."

"அதெல்லாம் சூப்பரா ஓட்டுவாங்க" என்றார் கய்யூம். ஜமீலுன்னிசா ஆட்டோவில் ஏறினாலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். மருந்து கண்ணில் எரிந்தது. மூடிக்கொண்டார்.

கூப்பிட ஆள் இல்லாமல் இல்லை. மகள் சாய்மா நந்தனத்தில் வேலை பார்க்கிறாள். குடும்பம் ஆதம்பாக்கத்தில். உம்மா மௌத்தானபோதே கூப்பிட்டாள். "லாரிய விட்டுட்டு எங்களோட வந்து இருங்கத்தா" என்றாள். "உன் வீட்ல டிவிய பாத்துக்கினு மூலைல கெடக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கு அப்பாவின் ரோஷம் அப்படியே உண்டு. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான். இப்போது அவளைக் கூப்பிட்டால் டாக்டர் வாயால் கேட்பாள். கேட்டால் டாக்டர் பக்கம்தான் நிற்பாள்.

டாக்டர் வெளிச்சம் அடித்து அடித்துப் பார்த்தார். "உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. லேசர் வைக்கணும். வச்சா இருக்கிற பார்வையைக் காப்பாத்திக்கலாம்."

"சர்டிபிகேட் சார்?"

"இந்தக் கண்ணோட லாரியா? இப்போ எழுதித் தரமுடியாது. லேசர் வச்சு, சுகர் கட்டுக்குள்ள வந்து, அப்புறம் திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். அப்பவும் தருவேன்னு சொல்லமாட்டேன். கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க, பேசணும்."

"என்னாண்டயே சொல்லுங்க சார்."

"உங்ககிட்ட சொல்லிட்டேனே. வீட்ல ஒருத்தருக்குத் தெரியணும். அவங்க கையெழுத்தும் வேணும். வரச் சொல்லுங்க, இன்னைக்கே ஒரு கண்ணுக்கு வச்சிடலாம்."

"இட்டுக்கினு வர்றேன்" என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வெளியே வெயில் ஊசியாகக் குத்தியது. மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரமும் பஸ்ஸும் ஆளும் பால் கொட்டிய மாதிரி ஒன்றாகிக் கிடந்தன. போன் அடித்தது. குத்துமதிப்பாகத் தேய்த்துக் காதில் வைத்தார்.

"பாய், இன்னா ஆச்சு?"

"தர மாட்டேன்னுட்டாருடா."

"நீ ஏன் கண் டாக்டராண்ட போன? அந்தம்மா சொன்னா நீ போயிடுவியா? என்னாண்ட கேக்க வாணாம்? சரி வுடு. தி.நகர்ல ஒரு டாக்டர் கீறாரு. மூஞ்சிகூட காட்ட வாணாம். சரின்னு சொல்லு, சாயங்காலம் பேப்பர் உன் கைல."

கய்யூமுக்கு மூச்சு லேசானது. ஆள் வேண்டாம். லேசர் வேண்டாம். சாவியும் தன்னிடமே இருக்கும்.

"ஒரு ஆட்டோ புடிச்சி தி.நகருக்கு வா பாய். நான் இங்கதான் கீறேன்."

"வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு, படியிலிருந்து ரோட்டில் காலை வைத்தார். எங்கிருந்தோ ஒரு ஹாரன். உடம்பு உரச ஒரு பெரிய நிழல் போனது. தண்ணி லாரி. சத்தத்தில் தெரிந்ததே தவிர, கண்ணில் லாரியாகப் படவே இல்லை.

"யோவ் பெருசு, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" குரல் போய்க்கொண்டே திட்டியது.

அந்த டிரைவருக்குத் தான் நிற்பது கண்ணில் தெரிந்திருக்கிறது. பிரேக் போட்டிருக்கிறான். அந்த சீட்டில் நானாக இருந்தால்? கய்யூம் தடவிக்கொண்டு பின்னால் வந்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாய், கண்ணுல மருந்து வுட்டாங்களா? அப்பால ரோட்டாண்ட இன்னா வேல உனக்கு?" பக்கத்தில் ஒரு பெண் குரல். மீன் வாடை. ஊரூர் குப்பத்திலிருந்து புருஷனைக் கூட்டிவந்தவளாம். "எங்க ஊட்டுதும் உள்ளதான் கண்ண மூடிக்கினு கீது. உன்கூட யாரு?"

"யாரும் இல்லம்மா." அன்றைக்குக் கேட்ட அத்தனை பேரில் இவளிடம்தான் நிஜம் வந்தது. போனை நீட்டினார். "இதுல சாய்மான்னு ஒரு பேரு இருக்கும். போட்டுக் குடு."

"எனக்கு இன்னா படிக்கவா தெரியும்? போட்டோ கீதா?"

"கீது. கண்ணாடி போட்டுக்கினு இருக்கும்."

"இதுவா? சொம்மா டீச்சரம்மா கணக்கா மொறைக்குது." மணி போயிற்று.

"அத்தா? என்ன, இன்னைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லயே?"

"வேலயா இருக்கியாமா?"

"சொல்லுங்க."

"லஸ்ல கண்ணாஸ்பத்திரில கீறேன். கூட ஒரு ஆளு வேணுமாம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நான் வந்தா லாரிய விடச் சொல்லுவேன். தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கூப்பிடறீங்களா?"

"ம்."

"பர்மிஷன் சொல்லிட்டு வரேன். டிராபிக்கா இருக்கும், நேரமாகும். அங்கயே இருங்க. எழுந்து எங்கயும் போகாதீங்க." வைத்துவிட்டாள்.

மீன்காரம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தாள். பெஞ்சு சில்லென்றிருந்தது. அவள் புருஷன் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் எழுந்தாள். அந்த நேரம் கய்யூமின் மடியில் போன் துடித்தது.

"என் பொண்ணான்னு பாரு" என்றார்.

எட்டிப் பார்த்தாள். "இல்ல பாய். கூலிங் கிளாஸ் போட்டுக்கினு ஒரு ஆளு."

"அது ஷோயப்பு."

"எடுத்துத் தரட்டா?"

"வாணாம். அடிச்சி ஓயட்டும்."

அவள் போய்விட்டாள். போன் நின்றது, மறுபடி துடித்தது. கய்யூம் அதை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் இருந்தார்.